கோவையில் நின்றது, வங்கதேசத்தில் விளைந்தது: ஒரு கத்திரிக்காயின் கதை

மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போதுதான் பெரும்பாலும் அந்தக் கேள்வி வரும்.

"சார், இப்ப சந்தையில வர்ற கத்திரிக்கா, தக்காளி எல்லாம் மரபணு மாத்துனதாமே? அதனாலதான் இவ்ளோ சுகரு, இவ்ளோ வியாதிங்கறாங்க. நெசமாங்க?"

நான் வேலை பார்ப்பது குப்பனூர் பக்கம், ஏற்காடு மலை அடிவாரத்தில். கேட்பவர்களில் பாதிப் பேர் விவசாயிகள், மீதிப் பேர் அவர்களிடம் காய் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். ஓ.பி. வரிசையில் பின்னாடி நாற்பது பேர் நிற்கும்போது இதற்கு முழுசாகப் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவுதான். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நேரடிப் பதில். இல்லைங்க.

இந்தியாவில் விவசாயிகள் இன்று சட்டப்படி வயலில் பயிரிடும் மரபணு மாற்றுப் பயிர் ஒன்றே ஒன்றுதான். பருத்தி. அதற்கு 26 மார்ச் 2002 அன்று அனுமதி கிடைத்தது. சந்தையில் பளபளவென்று ஒரே அளவில் இருக்கும் தக்காளி ஹைப்ரிட். ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடிக்கு வைத்து உருவாக்கிய ஒட்டு ரகம். ஆய்வகத்தில் ஜீன் நுழைத்த கதை அதில் கிடையாது. 2019இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத் மாவட்டத்தில் திருட்டுத்தனமாகப் பயிரிட்ட மரபணு மாற்றுக் கத்திரிக்காய் பிடிபட்டது உண்மை. ஆனால் அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதால்தான் செய்தியே ஆனது.

சரி, அப்படியானால் "பி.டி. கத்திரிக்காய்" என்று நாம் காதில் கேட்டது என்ன? அது எங்கே போனது? அதில் நம்ம தமிழ்நாட்டுக்கு என்ன பங்கு?

அதற்கு முன்னால் ஒரு விஷயம். கேள்வி கேட்டவர் கையில் பெரும்பாலும் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்த இன்சுலின் பாட்டில் இருக்கும். அந்த இன்சுலின் மரபணு மாற்றத்தால் வந்ததுதான். மனிதனின் இன்சுலின் ஜீனை எடுத்து நுண்ணுயிருக்குள் வைத்து, அதைத் தொட்டியில் வளர்த்து, சுத்திகரித்து எடுக்கிறார்கள். 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். குழந்தைக்கு ஒன்றரை மாதத்தில் போடும் பெண்டாவேலன்ட் ஊசியில் இருக்கும் ஹெபடைடிஸ் பி பகுதியும் அப்படித்தான், ஈஸ்ட்டில் வளர்த்தது. தமிழ்நாடும் கேரளாவும் 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாவதாகத் தொடங்கிய ஊசி அது.

"பாத்தியா, நீயே போட்டுக்கிட்டுத்தான இருக்க" என்று மடக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. இன்சுலின் பாட்டிலுக்குள் இருக்கிறது. அது வயலில் முளைக்காது, மகரந்தம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகாது, விதைக் கம்பெனி விலை ஏற்றாது. பயிருக்குத் தனிக் கேள்விகள் உண்டு, நியாயமான கேள்விகள். ஆனால் "மரபணு மாற்றம்" என்ற வார்த்தை மட்டுமே விஷம் என்றால், முதலில் என் ஃப்ரிட்ஜைத்தான் காலி செய்ய வேண்டும்.

சுவாரசியம் என்னவென்றால், இன்சுலினுக்கும் வழி அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. 1976இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இந்த டி.என்.ஏ. ஒட்டு ஆராய்ச்சிக்கு ஆய்வகம் கட்டப் போனது. மேயர் ஆல்ஃப்ரெட் வெலூச்சி "என் ஊரில் என்ன பூதத்தை உருவாக்கப் போகிறீர்கள்" என்கிற தொனியில் பொது விசாரணை வைத்தார். நகர மன்றம் ஆராய்ச்சியைத் தற்காலிகமாக நிறுத்தியது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியம். ஊர்க்காரர்களை வைத்தே ஒரு குழு போட்டார்கள். தலைவர், வீட்டுச் சூடேற்றும் எண்ணெய் வியாபாரம் செய்தவர். உறுப்பினர்களில் மருத்துவமனையில் பணியாற்றிய ஒரு கன்னியாஸ்திரி. இவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து, இரண்டு தரப்பு விஞ்ஞானிகளையும் கேள்வி கேட்டுக் குடைந்து, "இன்னின்ன பாதுகாப்பு விதிகளோடு நடத்தலாம்" என்று முடிவு சொன்னார்கள். 1977 பிப்ரவரியில் அது நகரச் சட்டமானது. பிறகு உலகின் முன்னணி உயிரித் தொழில்நுட்பக் கம்பெனிகள் போய்க் குவிந்த ஊர்களில் ஒன்று அதே கேம்பிரிட்ஜ். பாமர மக்களுக்கு அறிவியல் புரியாது என்று யாராவது சொன்னால் இந்த ஊரின் கதையைச் சொல்லுங்கள்.

இப்போது கத்திரிக்காய்க்கு வருவோம்.

கத்திரி போட்டவர்களுக்குத் தெரியும், எதிரி யார் என்று. தண்டையும் காயையும் துளைக்கும் புழு. அந்துப்பூச்சி இலையில் முட்டை வைக்கும். குஞ்சுப் புழு முதலில் குருத்துக்குள் நுழையும், நுனி வாடித் தொங்கும். காய் பிடித்ததும் காய்க்குள் போய்விடும். வெளியே சின்னப் புள்ளி, உள்ளே சொத்தை. புழு உள்ளே போன பிறகு நீங்கள் எந்த மருந்தை அடித்தாலும் அதன் மேல் படாது. அதனால் அது வெளியே இருக்கும் கொஞ்ச நேரத்தைப் பிடிக்கவேண்டும் என்று விவசாயி மீண்டும் மீண்டும் அடிக்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை. காய் பறிக்கும் காலத்திலும் நிற்காது.

இதன் மறுபக்கத்தை நான் ஆஸ்பத்திரியில் பார்க்கிறேன். போன வருஷம் மருந்து அடிக்கும் கூலி வேலைக்காரர் ஒருவரை ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சட்டை முழுக்க நனைந்த வேர்வை, வாயில் எச்சில் ஒழுகல், வயிற்றுப்போக்கு, கண்ணின் பாப்பா குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அவர் குடிக்கவில்லை. காலையிலிருந்து எதிர்காற்றில் முதுகு டேங்க்கோடு நின்றிருக்கிறார், அவ்வளவுதான். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து தோல் வழியாகவே உள்ளே போகும். நரம்பு சொன்ன செய்தியை அழித்துவிடுகிற ஒரு நொதி நம் உடம்பில் இருக்கிறது, அதை முடக்கிவிடும். செய்தி நிற்காமல் ஓடும், நுரையீரலில் நீர் சுரக்கும், மூச்சுத் தசை ஓய்ந்துபோகும். அட்ரோபின் போட்டு, 108இல் ஏற்றி, சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்தார். கூட வந்த அவர் மனைவி கேட்டது இதுதான்: "மருந்து அடிக்காம காய் வராதுங்களா சார்?"

அந்தக்கா கேட்ட அதே கேள்வியை வைத்துத்தான் பி.டி. கத்திரிக்காய் பிறந்தது.

பி.டி. என்பது மண்ணில் இயல்பாக இருக்கும் ஒரு பாக்டீரியா, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா என்கிற விஞ்ஞானி, பட்டுப்புழுக்கள் திடீர் திடீரென்று செத்துப்போவது ஏன் என்று தேடிப்போய்க் கண்டுபிடித்தது. 1911இல் ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் பெர்லினர் என்பவர் மாவுப்பூச்சியில் அதையே கண்டு பெயர் வைத்தார். 1938லேயே பிரான்சில் பூச்சிமருந்தாக விற்பனைக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் இயற்கை விவசாயத்தில் தெளிக்க அனுமதி உள்ள மருந்து இது. (நம்ம பக்கம் மல்பெரி போட்டிருப்பவர்கள் கவனிக்க: பட்டுப்புழுக் கொட்டகைக்குப் பக்கத்தில் பி.டி. தெளிக்கக் கூடாது. கண்டுபிடித்த கதையே அதுதான்.)

அந்த பாக்டீரியாவில் ஒரு புரதம். புழுவின் குடல் காரத்தன்மை கொண்டது. அங்கே அந்தப் புரதம் கரைந்து, குடல் சுவரில் அதற்கென்று உள்ள பூட்டில் சாவி மாதிரி பொருந்தி, ஓட்டை போடும். நம் வயிறு அமிலம். புரதம் அங்கே பருப்பு மாதிரி செரித்துவிடும். அந்தப் பூட்டும் நம் குடலில் கிடையாது. புழுவுக்கு விஷமாக இருப்பது நமக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு இதுதான் பதில். அந்தப் புரதத்தைச் செடியே உருவாக்குகிற மாதிரி ஜீனை உள்ளே வைத்ததுதான் பி.டி. பயிர்.

இந்தியாவில் இந்தக் கத்திரிக்காயை மஹிகோ கம்பெனி உருவாக்கியது. அதில் அப்போது மான்சான்டோவுக்கு 26 சதவீதப் பங்கு. எல்லோருக்கும் தெரிந்த பாதி இது.

தெரியாத பாதி என்னவென்றால், அதே தொழில்நுட்பம் ராயல்டி இல்லாமல் பொதுத்துறைக்கும் கொடுக்கப்பட்டது. வாங்கியவர்களில் ஒருவர் கோவையில் இருக்கும் நம்ம தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் இன்னொன்று. கோவையில் வைத்தது கோ 2, எம்.டி.யு 1 போன்ற, நம் ஊர்க்காரர்கள் ஏற்கனவே பயிரிட்டு வந்த ரகங்களில். அவை ஹைப்ரிட் அல்ல. விதையை எடுத்து வைத்து அடுத்த போகத்துக்குப் போடலாம். "கம்பெனியிடம் ஒவ்வொரு தடவையும் விதைக்குக் கையேந்த வேண்டும்" என்ற பயத்துக்கு பதில் கோவையிலேயே செடியாக நின்றுகொண்டிருந்தது. எத்தனை பேருக்கு இது தெரியும்? நம் தொலைக்காட்சி விவாதங்களில் இதை நான் கேட்டதே இல்லை.

14 அக்டோபர் 2009. மத்திய அரசின் ஒப்புதல் குழு பி.டி. கத்திரிக்காய்க்குப் பச்சைக்கொடி காட்டியது. நாடு முழுக்க எதிர்ப்பு. நம்ம பக்கம் நம்மாழ்வார் அய்யா போன்றோர் நாட்டு விதை, மண் என்று பேசியதற்குக் கூட்டம் கூடியது. அவர்கள் எழுப்பிய ஒரு கேள்வி வலுவானது: கத்திரி நம் மண்ணில் ஆயிரக்கணக்கான ரகங்களாகப் பரவிய பயிர், அந்த ரகங்களுக்கு என்ன ஆகும்?

அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மக்களிடமே கேட்போம் என்று 2010 ஜனவரி, பிப்ரவரியில் ஏழு ஊர்களில் கூட்டம் போட்டார். கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூரு. மொத்தம் சுமார் 8000 பேர் வந்தார்கள். பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு ஊர்கூட இல்லை. நான்கு தமிழ்நாட்டு ரகங்களைப் பற்றிய முடிவு, தமிழில் ஒரு கூட்டம் நடக்காமலே எடுக்கப்பட்டது. நடந்த கூட்டங்களிலும் கோஷமும் கூச்சலும்தான் அதிகம். கேம்பிரிட்ஜ் ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த மாதக்கணக்கான நேரம் இங்கே யாருக்கும் கிடைக்கவில்லை. பெங்களூரு கூட்டம் பிப்ரவரி 6. முடிவு பிப்ரவரி 9: தனிப்பட்ட ஆய்வுகள் பாதுகாப்பை நிரூபிக்கும் வரை நிறுத்திவைப்பு.

அவர் சொன்ன காரணங்களை நான் கேலி செய்ய மாட்டேன். மாநிலங்கள் எதிர்த்தன, விஞ்ஞானிகளே பிளவுபட்டிருந்தார்கள், சோதனைகளில் பெரும்பகுதியைச் செய்தது விற்கப்போகும் கம்பெனியே. மருந்துக் கம்பெனி தன் மாத்திரைக்குத் தானே சர்டிபிகேட் கொடுத்தால் நானும் முகம் சுளிப்பேன். என் வருத்தம் வேறு. "ஆய்வு செய்து முடிவெடுப்போம்" என்று நிறுத்தி 15 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஆய்வை யார், எப்போது, எந்தக் காசில் செய்வது என்று முடிவே ஆகவில்லை. நோயாளியை "டெஸ்ட் எடுத்துட்டுப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு டெஸ்ட் சீட்டே எழுதாத மாதிரி.

அறிவியல் தரப்பும் தன் காலைத் தானே உடைத்துக்கொண்டது. அமைச்சர் கேட்டதன் பேரில் நாட்டின் ஆறு அறிவியல் கழகங்கள் சேர்ந்து 2010இல் ஓர் அறிக்கை கொடுத்தன. எங்கள் துறையின் தேசிய மருத்துவ அறிவியல் கழகமும் அதில் ஒன்று. பார்த்தால் சில வரிகள், மரபணுப் பயிரை ஆதரித்து ஏற்கனவே வந்த ஒரு கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்தவை. மானம் போனது. திருத்திய அறிக்கையை டிசம்பரில் கொடுத்தார்கள், ஆனால் அதற்குள் "இவனுங்களும் காப்பிதான்" என்று ஆகிவிட்டது. எதிர்ப்பாளர்கள் நூறு கூட்டம் போட்டும் செய்ய முடியாததை அந்தச் சில வரிகள் செய்தன.

எதிர்த்தரப்பிலும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய கட்டிகளோடு இருக்கும் எலிகளின் படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். பிரான்சின் செராலினி 2012இல் வெளியிட்ட ஆய்வு அது, மரபணு மாற்று மக்காச்சோளம் கொடுத்த எலிகள். மொத்தம் 200 எலி, ஒரு குழுவுக்கு 10. பயன்படுத்திய எலி இனம் எதைச் சாப்பிட்டாலும் வயதானால் கட்டி வரும் இனம். பத்தில் எத்தனைக்கு வந்தது என்று எண்ணி எதையும் நிரூபிக்க முடியாது. 2013 நவம்பரில் அந்த ஆய்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மோசடி என்று சொல்லவில்லை, முடிவுக்கு வரப் போதாது என்றது. அடுத்த வருஷம் வேறொரு இதழில் மறுபடி வந்தது. படம் மட்டும் இன்னும் ஊர் சுற்றுகிறது.

இனி வங்கதேசம்.

அங்கேயும் அதே புழு, அதே மருந்து, அதே ஏழை விவசாயி. இந்தியா நிறுத்திய அதே ஜீனை அவர்களின் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தங்கள் சொந்த ரகங்களில் வைத்திருந்தது. 30 அக்டோபர் 2013இல் அனுமதி. 2014 ஜனவரி 22 அன்று வேளாண் அமைச்சர் மதியா சவுத்ரி 20 விவசாயிகளுக்கு நாற்று கொடுத்தார். ஆமாம், வெறும் 20 பேர்.

முதல் வருஷம் சிக்கல்தான். சில வயல்களில் செடி வாடல் நோயில் போனது. பி.டி. புழுவைத்தான் தடுக்கும், வாடல் நோயைத் தடுக்காது. "தோல்வி" என்று பத்திரிகைகள் எழுதின, "பொய்" என்று ஆதரவாளர்கள் எழுதினார்கள். அந்தச் சண்டைக்குள் வந்தவர்களில் ஒருவர் மார்க் லைனஸ், பிரிட்டிஷ் எழுத்தாளர். ஒரு காலத்தில் மரபணுப் பயிர்களை வயலில் இறங்கிப் பிடுங்கிப் போட்டவர். 2013 ஜனவரியில் ஆக்ஸ்போர்டு விவசாய மாநாட்டில் "நான் செய்தது தவறு" என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். விஞ்ஞானிகள் இருபது வருஷம் பேசியதைவிட அந்த ஒரு பேச்சு அதிகம் பேரிடம் போனது. 2014இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பிரச்சார அமைப்பு தொடங்கினார்கள், கேட்ஸ் அறக்கட்டளையின் 56 லட்சம் டாலரோடு. வெளிநாட்டு விவசாயிகளை, பத்திரிகையாளர்களைப் பயிற்றுவித்தார்கள். பயன் உண்டு. ஆனால் அமெரிக்கக் காசில் வரும் அறிவியலை டாக்கா டீக்கடையில் ஒருவர் சந்தேகித்தால், அவரை முட்டாள் என்று சொல்ல நான் தயாராக இல்லை.

என் பார்வையில் அங்கே மனதை மாற்றியது பிரச்சாரம் அல்ல. பக்கத்து வயல். 20 பேர் 2018க்குள் 27,000 பேருக்கு மேல் ஆனார்கள். விதை அரசு கொடுத்தது, சேமித்து வைக்கவும் முடிந்தது. அப்புறம் முறையான சோதனையும் நடந்தது: 200 கிராமங்கள், 1200 விவசாயக் குடும்பங்கள், யாருக்குப் பி.டி., யாருக்குச் சாதாரணக் கத்திரி என்று குலுக்கல் முறையில். நாங்கள் மருந்துக்குச் செய்யும் அதே முறை. மருந்துச் செலவு ஏறத்தாழ பாதியானது, விளைச்சல் 40 சதவீதத்துக்கு மேல் கூடியது. எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது, பூச்சிமருந்து பாதிப்பின் அறிகுறிகளைச் சொன்னவர்களும் குறைந்தார்கள் என்பது. ஷேர் ஆட்டோவில் வந்தவரை நினைத்துக்கொண்டேன்.

இங்கேயே நிறுத்தினால் நானும் விளம்பரதாரர் ஆகிவிடுவேன். ஆகவே யவத்மால்.

மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் 2017இல் மருந்து அடித்தே 20க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அவர்கள் வயலில் நின்றது பி.டி. பருத்தி. பருத்திக்காய்ப்புழுவில் ஒரு வகை, இளஞ்சிவப்புப் புழு, பி.டி. புரதத்துக்குப் பழகிவிட்டது. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை அரைகுறையாகப் போட்டால் கிருமி பழகுவதைப் போலத்தான். புழு பழகாமல் இருக்க ஓரத்தில் கொஞ்சம் சாதாரணப் பருத்தி போட வேண்டும் என்பது விதி. போடுவதற்கு விதையும் பையிலேயே வந்தது. யாரும் போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மறுபடி புழு, மறுபடி டேங்க். தொழில்நுட்பத்தை விற்றவர்கள் இந்தப் பாதியை விவசாயியின் மொழியில் சொல்லவே இல்லை.

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் 900க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி, மரபணுப் பயிர் உணவால் மற்ற உணவைவிட உடல்நலக் கேடு கூடுதல் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றன. அதே அறிக்கை, இந்தப் பயிர்களால் நாட்டின் விளைச்சல் வேகம் பெரிதாக ஏறியதற்கும் ஆதாரம் இல்லை என்றது. இரண்டு தரப்பும் தனக்குப் பிடித்த வரியை மட்டும் வெட்டி ஒட்டுகிறது.

இன்றைய நிலவரம்: பிலிப்பைன்ஸ் 2022இல் பி.டி. கத்திரிக்காயை அனுமதித்தது, 2024 ஏப்ரலில் அங்குள்ள நீதிமன்றம் நிறுத்தியது. இங்கே மரபணு மாற்றுக் கடுகுக்கு 2022இல் ஒப்புதல் குழு வழிவிட்டது, 23 ஜூலை 2024இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு கொடுத்தார்கள். நம்ம கத்திரிக்காய் இன்னும் 2010லேயே நிற்கிறது.

இனி இந்தப் பேச்சு தமிழ்நாட்டில் மறுபடி வரும்போது, எங்கே கூட்டம், எந்த மொழியில், எத்தனை நாள் என்று முதலில் கேளுங்கள். விதையைச் சேமிக்கலாமா? சோதனையைச் செய்தது யார், காசு யாருடையது? புழு பழகாமல் இருக்க என்ன ஏற்பாடு? இந்தக் கேள்விகளுக்கு எம்.பி.பி.எஸ். வேண்டாம்.

அதுவரை டேங்க் தூக்குகிறவர்களுக்கு. எதிர்காற்றில் அடிக்காதீங்க. கையுறை, முழுக்கை சட்டை, முகத்துக்குத் துணி. அடிச்சதும் சோப்பு போட்டுக் குளிச்சிட்டு, அந்தச் சட்டையைத் தனியாத் துவைங்க. அடிச்ச அன்னைக்கே பீடி, வெத்தலை தொடுறதுக்கு முன்னாடி கை கழுவுங்க. தலைசுத்தல், வேர்வை, எச்சில், கண் மங்கல் எது வந்தாலும் மோர் குடிச்சிட்டு வீட்ல படுக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. வரும்போது மருந்து பாட்டிலைக் கையோட எடுத்துட்டு வாங்க. எந்த மருந்துன்னு தெரிஞ்சா எனக்குப் பாதி வேலை முடிஞ்சிடும்.